தம்பி அளந்த பாதி

இயற்பியல் துறையில் அவளுக்குப் பேனாக்காரி என்று பெயர். மற்றவர்கள் பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்து கணக்குப் போட, அவள் நேரே பேனாவால் போடுவாள். நாற்பது பக்கம் அடித்தல் திருத்தல் இல்லாமல் ஓடும். "இவங்க கணக்குத் தப்பாகணும்னா இயற்கைதான் மனசு மாறணும்" என்று பக்கத்து அறைக்காரர் கிண்டலடிப்பார். அவள் சிரிக்க மாட்டாள். மறுக்கவும் மாட்டாள்.

அவள் கணக்குப் போட்டதெல்லாம் ஒரு விருந்தாளியின் சாவைப் பற்றி. அணுக்கருவுக்குள் வழக்கமாகக் குடியிருப்பவை புரோட்டானும் நியூட்ரானும். ஆய்வுக்கூடத்தில் அதற்குள் லாம்டா என்ற வேற்றுத் துகளை நுழைக்கலாம். கண் சிமிட்டும் நேரம்கூட அது தங்காது. தனியாக இருந்தால் புரோட்டானாகவோ நியூட்ரானாகவோ மாறி, பையான் என்ற சின்னத் துகளை வெளியே விட்டுவிட்டுப் போய்ச் சேரும். கருவுக்குள் அந்த வழி ஏறக்குறைய அடைப்பு. மாறியபின் உட்கார வேண்டிய இடங்களில் எல்லாம் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. அதனால் லாம்டா பக்கத்தில் இருக்கும் ஆளை முட்டுகிறது. இரண்டும் சேர்ந்து வெளியே பாய்கின்றன. முட்டியது புரோட்டானையா, நியூட்ரானையா? எத்தனைக்கு எத்தனை? அந்த விகிதம்தான் அவள் பிழைப்பு.

அவள் கணக்குப்படி புரோட்டான் பத்து தடவை மாட்டினால் நியூட்ரான் ஒரு தடவை மாட்டும்.

அவளுடைய தம்பி அதையே அளக்கப் போனான். துகள் முடுக்கி இருக்கும் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து, நியூட்ரான் பிடிக்கும் கருவிகளைச் சுவர் மாதிரி தானே அடுக்கி, மூன்று வருஷம் எண்ணினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தான்.

"தட்டுப் பக்கத்துல அதை வைக்காதடா, குழம்பு கொட்டும்" என்றாள் அம்மா.

"ஒரு நிமிஷம்மா. அக்கா, இதைப் பாரேன். பத்துக்கு அஞ்சு வருது."

அவள் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தாள். "ஒரே நியூட்ரான் ஒரு கருவியில பட்டுத் தெறிச்சு அடுத்ததுலயும் படுது. நீ ரெண்டுன்னு எண்ணுற."

"அதைக் கழிச்சுட்டேன்."

"பத்தல. இன்னொரு தடவை பாரு."

வீட்டில் கதவுக்கு என்ன நிறம் என்பதிலிருந்து அம்மா எந்த மருத்துவரைப் பார்ப்பது என்பது வரை அவள் சொன்னால் சொன்னதுதான். தம்பி இன்னொரு தடவை பார்த்தான். அப்புறம் இன்னொரு தடவை. சந்தேகப்பட்ட எண்ணிக்கையை எல்லாம் வெட்ட வெட்ட, மிஞ்சியது குறைந்தது. விடையில் இருக்கக்கூடிய பிழையின் அகலம் கூடியது. இரண்டு வருஷம் கழித்து அந்த அகலத்துக்குள் பத்துக்கு ஒன்று என்பதும் அடங்கியது, பத்துக்கு ஐந்து என்பதும் அடங்கியது. 'எந்த முடிவுக்கும் வர முடியவில்லை' என்று எழுதிப் பட்டம் வாங்கினான். அப்படி எழுதியவனை எந்த ஆய்வுக்கூடம் வேலைக்குக் கூப்பிடும்? மருத்துவமனைகளில் கதிர்க் கருவிகள் சரியான அளவு கொடுக்கின்றனவா என்று சோதிக்கும் வேலைக்குப் போனான்.

அடுத்த மூன்று வருஷத்தில் வேறொரு குழு பத்துக்கு ஐந்து என்ற அதே பாதியை வெளியிட்டது. அன்று போனில் கேட்டான். "அக்கா, அவங்களுக்கும் பாதிதான் வருதாமே?"

"கூட்டமா சேர்ந்து தப்புப் பண்ணினா சரியாயிடுமா?"

அதற்கப்புறம் அவன் இயற்பியல் பேச்சையே எடுக்கவில்லை. அவளுக்கு அது பெரிதாகத் தெரியவும் இல்லை.

இன்னும் சில வருஷம் போனது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் அவளுடைய கணினி நிரலைக் கேட்டு எழுதினார். கேட்டவருக்குக் குப்பையாகக் கொடுக்கக் கூடாதே என்று ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பகுதி பகுதியாகப் பிரித்து ஓட்டிப் பார்த்தாள். முட்டல் என்பது இரண்டு பேர் பந்து எறிந்து பிடிப்பது மாதிரி. பையான் லேசான பந்து, கேயான் என்ற இன்னொரு துகள் கனமான பந்து. இரண்டின் விளைவும் ஒரு இடத்தில் கூடும், ஒரு இடத்தில் கழியும். கேயான் பகுதியைத் தனியாக ஓட்டிப் பையானோடு வைத்துப் பார்த்தபோது, கூட வேண்டிய இடத்தில் கழிந்தது.

காரணம் தேட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சூத்திரத்தை ஒரு கட்டுரையிலிருந்து எடுத்திருந்தாள். அதில் பந்தின் உந்தம் உள்ளே வருவதாக எடுத்துக்கொள்வார்கள். எண்களை இன்னொரு கட்டுரையின் அட்டவணையிலிருந்து எடுத்திருந்தாள். அதில் வெளியே போவதாக எடுத்துக்கொள்வார்கள். தனித்தனியாக இரண்டும் சரி. சேர்த்தால் ஒரு குறி தலைகீழ். அவளுக்கு முன்னால் பையானை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டவர்களுக்கும் பத்துக்கு ஒன்றுதான் வந்திருந்தது. அதனால் தனக்கும் அதுவே வந்தபோது சந்தேகப்படத் தோன்றவில்லை. குறியை மாற்றி ஓட்டினாள்.

பத்துக்கு நாலரை.

மறுநாள் தம்பி வேலை செய்துகொண்டிருந்த மருத்துவமனைக்கே போனாள். அடித்தள அறையில் முழங்காலிட்டு ஒரு கருவியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"நீ அளந்த பாதி சரிடா."

"எந்தப் பாதி?"

"நியூட்ரான். என் நிரல்ல கேயானோட குறி மாறியிருக்கு."

"பிளஸ் மைனஸா?" அவனுக்குச் சிரிப்பு வந்தது. "பள்ளிக்கூடப் பிள்ளைங்க பண்றதாச்சே அக்கா."

அவள் பையிலிருந்து தாளை எடுத்தாள். "திருத்தம் எழுதியிருக்கேன். முதல்ல அளந்தது நீதான்னு ஒரு வரி போட்டிருக்கேன். வெட்டுறதுக்கு முந்தின எண்ணிக்கை உன்கிட்ட இருந்தா படமாவே போடலாம்."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, நின்றபடியே முழுதும் படித்தான். "இந்த வரியை எடுத்துடு."

"ஏன்டா?"

"நான் முடிவு தெரியலன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டவன். இப்பப் போய்ப் பாதின்னு சொன்னா, விடை வந்தப்புறம் பரீட்சை எழுதின மாதிரி இருக்கும்."

"நான் சொன்னதாலதானே வெட்டின?"

"சொன்னது நீ. வெட்டின கை என்னது." தாளை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தான். "உனக்குக் குறி மாறிடுச்சு, யாருக்கும் மாறும். எனக்குச் சரியாத்தான் வந்துச்சு. வந்ததை நான் நம்பல. இதுக்கு எந்தப் பத்திரிகையில திருத்தம் போடுவ?"

"மன்னிச்சுடுடா."

"சரி, விடு." கடையில் சில்லறை இல்லை என்றவரிடம் சொல்வது மாதிரி அவ்வளவு லேசாகச் சொன்னான்.

அந்த அறையின் உதவியாளர் கையில் பதிவேட்டோடு வந்தார். "சார், கதிர் அளவு மூணு சதவீதம் கூடுதலா காட்டுது. கம்பெனிக்காரங்க கொடுத்த அளவையே போட்டுடட்டுமா? அவங்களுக்குத் தெரியாததா?"

"எத்தனை தடவை அளந்தீங்க?"

"நாலு. நாலுலயும் அதேதான்."

"அப்ப அளந்ததை எழுதுங்க."

அவன் அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளுக்காகச் சொன்னதாகவும் தெரியவில்லை. வேலை நடக்க வேண்டும் என்று சொன்னான், அவ்வளவுதான். ஒரு குத்தல் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"வெளியே இரு அக்கா. கதிர் போடணும்" என்றான்.

திருத்தம் ஒன்றரைப் பக்கத்தில் வெளிவந்தது, அந்த வரி இல்லாமல். கணக்கும் அளவீடும் கடைசியில் ஒத்துப்போய்விட்டன என்று பல ஊர்களிலிருந்தும் பாராட்டி எழுதினார்கள். எல்லோருக்கும் நன்றி சொல்லி ஒரே மாதிரி இரண்டு வரி அனுப்பினாள். முதலில் அளந்தது யார் என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல அவளுக்குத் தம்பியின் அனுமதி இல்லை.