அண்ணாச்சி வீட்டுக்கு வந்த கப்பல் இரும்பு

எமர்ஜென்சி எடுத்த வருசம்... எங்க தெருமுனைக்குத் தண்ணிக் குழாய் வந்ததும் அந்த வருசந்தான். குழாய் வந்த நேரமோ என்னமோ, ஐப்பசி பிறந்ததுல இருந்து மழை விடல. கோவில்பட்டித் தெருவுல கரிசல் மண்ணு சக்கரத்துல அப்பி, சைக்கிளை நாம தூக்கிட்டுப் போற மாதிரி ஆயிட்டு.

மழைன்னா எல்லாரும் மண்வாசனை சொல்லுதாங்க. எனக்கு வாரது கரிப்புகையும் ஈரத் தீக்குச்சி மருந்தும் கலந்த வாடை...

(எனக்கு எழுத்துத் தெரியாது. போன்ல பேசுதேன், அதுவே எழுதிக்கிடுது. பிழை இருந்தா அதைக் கேளுங்க.)

நான் அப்ப அய்யாத்துரை அண்ணாச்சி தீப்பெட்டி ஆபீஸ்ல மருந்து முக்குற வேலை. ஆபீஸ்னா பெருசா நினைச்சிராதீங்க, அவிய குடியிருந்த வீடுதான். முன்னால அடுக்களை, படுக்கை. பின்னால ஆபீஸ்.

குச்சி அடுக்குன மரச்சட்டத்தை நாங்க கட்டைன்னு சொல்லுவோம். முக்குன கட்டை வெயில்ல காயணும். வெயில் இல்லன்னா பின்ரூம்ல சட்டியில கரி மூட்டி, கம்பிவலையால மூடி, சுத்தி கட்டைய அடுக்குவோம்.

தீக்குச்சிக்குப் பக்கத்துல தீச்சட்டி! அப்ப அதுதான் பழக்கம்.

ஒருநாள் கரி பொரிஞ்சு ஒரு கட்டையில தீப் பிடிச்சிட்டு. புஸ்ஸுன்னு... நனைச்ச சாக்கைப் போட்டு அமத்திட்டோம். ஆனா சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டில்ல கைப்பிள்ளை. அண்ணாச்சி சம்சாரம் சுப்புத்தாய் மதினி, புகைக்குள்ள ஓடிப் பிள்ளையத் தூக்கிட்டு வந்தாவ.

"இந்தச் சட்டி இனிமே இந்த வீட்டுல எரிஞ்சா, பிள்ளையத் தூக்கிட்டு நாகலாபுரத்துக்கு எங்கய்யா வீட்டுக்குப் போயிருவேன். பெறகு அங்கன வந்து நின்னு கூப்பிடாதீங்க."

மதினி சொன்னா சொன்னதுதான். அண்ணாச்சிக்கு முகமே செத்துப்போச்சு.

மறுநாளே மதுரைக்குப் போயி ஒரு கரண்ட் ஹீட்டர் கொண்டாந்தாரு. பளபளன்னு... நாங்க வாயப் பொளந்துட்டு நிக்கோம். மதினி பிளக்கைச் சொருகச் சொன்னாவ. உள்ள கம்பி செக்கச்செவேல்னு ஆச்சு.

"கரிச்சட்டிக்குச் சட்டை போட்டுவிட்ட மாதிரில்லா இருக்கு. செவக்குற எதுவும் வேண்டாம்."

"ஏட்டி, இது மாடர்ன் ஐட்டம்டி!"

"மாடர்னா எரிஞ்சா மட்டும் வலிக்காதாக்கும்?"

ஹீட்டர் மதுரைக்கே திரும்பிட்டு.

அண்ணாச்சிக்கு ஒரு கூட்டாளி, அந்தோணி. மணியாச்சி ரயில்வேல ஃபிட்டர். அவர்தான் சொன்னாரு: "தூத்துக்குடியில பழைய கப்பல் சாமான் கிடக்கு அண்ணாச்சி. குளிர் தேசத்துக் கப்பல்ல ரூமைச் சூடாக்க ஒரு இரும்பு வச்சிருப்பான். தீ வெளிய எரியும், வெந்நி மட்டும் உள்ள ஓடும். ரேடியேட்டர்னு பேரு."

எங்களுக்குத் தெரிஞ்ச ரேடியேட்டர் லாரி மூஞ்சியில இருக்கதுதான்... அதை வீட்டுக்குள்ளயா?

அண்ணாச்சி, அந்தோணி, நான், மூணு பேருமாத் தூத்துக்குடிக்குப் போனோம். தட்டையா, பல்லு பல்லா, பூவேலை போட்டது... குவிஞ்சு கிடக்கு. அண்ணாச்சி பானை வாங்குற மாதிரி விரலை மடக்கித் தட்டித் தட்டிப் பாக்காரு.

"பூப்போட்டதை எடுப்போம்லே சுடலை. வீட்டுக்கு லெச்சணமா இருக்கும்"னு எங்கிட்ட சொன்னாரு.

"பொண்ணா பாக்க வந்திருக்கோம்?"னு அந்தோணி தண்ணிய ஊத்துனாரு. பூவுக்கு நடுவுல ஒழுகுது. கடைசில பல்லு பல்லா இருந்ததைத்தான் லாரில ஏத்துனோம்.

வெளிய தகரம் சாச்சு, தண்ணி டிரம்முக்கு அடியில விறகு. அங்கன இருந்து பின்ரூம்ல வச்ச இரும்புக்குக் குழாய். புதுசா வந்ததுக்குச் சூடம் காட்டணும்லா... தீப்பெட்டி ஆபீஸ்ல உள்ள சூடம் கொளுத்தக் கூடாது. வாசல்ல குடையப் பிடிச்சுட்டு நின்னு வீட்டைப் பாக்கக் காட்டுனாரு அண்ணாச்சி.

ஆனா கை பழகுனது கரிச்சட்டிக்கு. கரி நேரம் ஆக ஆக அவிஞ்சிரும், கிட்ட அடுக்கலாம். இந்த இரும்பு அவியாது. நாங்க வழக்கம்போல ஒட்டி அடுக்கிட்டோம். விடிஞ்சு பாத்தா மருந்து காஞ்சு கீறல் விழுந்து, தட்டுனா பொடிப்பொடியா உதிருது. அத்தனை கட்டையும் போச்சு.

"ஏலே சுடலை, பழைய சட்டிய எடுத்துட்டு வாலே!"

அண்ணாச்சி கத்துன கத்துல நான் மதினியத் திரும்பிப் பாத்தேன். மதினி உள்ள போனாவ. டிரங்குப் பெட்டி திறக்குற சத்தம் கேட்டுது. இடுப்புல பிள்ளை, கையில பெட்டியோட வெளிய வந்தாவ. அண்ணாச்சி சுவரப் பாத்துட்டு நிக்காரு.

மதினி வாசலுக்குப் போகல. பெட்டிய வச்சுட்டு நேரா பின்ரூமுக்குள்ள போயி, இரும்புக்குப் பக்கத்துல பிள்ளைய மடியில போட்டு உக்காந்துட்டாவ. பிள்ளைக்கு வேர்த்து ஊத்துது, ஒரே அழுகை. கொஞ்சம் தள்ளி உக்காந்தாவ. அழுகை சிணுங்கலாச்சு. இன்னுங் கொஞ்சம் தள்ளி... பிள்ளை தூங்கிட்டு.

"இங்கன அடுக்குங்க. என் பிள்ளைக்கு எதமா இருக்கது உங்க மருந்துக்கு எதமா இருக்காதா?"

அந்தோணி சாக்பீஸால அவிய உக்காந்த இடத்துல கோடு போட்டாரு. அந்தக் கோட்டுலதான் மறுபடி அடுக்குனோம். மறுநா அண்ணாச்சி ஒரு குச்சிய வாசலுக்குக் கொண்டுபோயி உரசுனாரு. சுர்ருன்னு பத்திக்கிட்டு. கரிச்சட்டிய அவரே கொல்லைக்குத் தூக்கிட்டுப் போயி ஆட்டுக்குத் தண்ணி ஊத்தி வச்சாரு. மதினி பெட்டியில இருந்த சேலைய எடுத்து மறுபடி கொடியில போட்டாவ.

இப்ப அந்த வீடு செல்போன் கடை. முக்குறது, காயப்போடுறது எல்லாம் ஊருக்கு வெளிய, மெஷின்லயே முடியுது. அந்தப் புகை வாடை யாருக்கும் வேண்டாம்... ஆனா ஒரு இரும்புக்காக வீடே கூடி நின்னு சண்டை போட்டு முடிவெடுத்தது இருக்கே...

போன மாசம் லண்டன் பக்கமிருந்து மாரிக்கனி வீடியோ கால்ல வந்தா. "சித்தப்பா, வீட்டுல ரேடியேட்டர் எல்லாம் மாத்துதோம். எது நல்லாருக்கு சொல்லுங்க"ன்னு ஒவ்வொண்ணா படம் காட்டுதா. பலகை மாதிரி ஒண்ணு, துண்டு காயப்போட ஏணி மாதிரி ஒண்ணு. சூட்டைக் கூட்டுறது குறைக்கிறது போன்லயேவாம். விரலால தள்ளித் தள்ளி, பேசி முடிக்கிறதுக்குள்ள ஆர்டரும் போட்டுட்டா.

அண்ணாச்சி போயாச்சு. மதினியும் போயாச்சு. அந்தோணி போன தையில. அன்னைக்கு அந்த ரூம்ல இருந்தவங்கள்ல என்னை விட்டா மிச்சம் ஒரே ஆளு. தூங்கிட்டதால ஒண்ணையும் பாக்காத ஆளு...

மதினி மடியில கிடந்த மாரிக்கனி.