மஹா செய்த நிக்காஹ் பத்திரிகை

என் மகள் மஹா எப்படிப்பட்டவள் என்று கேட்டால், எழுத்தோடு சண்டை போடுகிறவள் என்றுதான் சொல்வேன். ஓட்டலில் மெனு கார்டு வந்தால் என்ன சாப்பிடலாம் என்று பார்க்க மாட்டாள். தோசையின் பெயரும் விலையும் ஏன் ஒரே அளவில் இருக்கின்றன என்று முகத்தைச் சுளிப்பாள். அமெரிக்காவில், பார்சிப்பனியில் நாங்கள் போகும் பள்ளிவாசலில் ஒட்டியிருந்த தொழுகை நேர அட்டவணையை, யாரும் கேட்காமலே கம்ப்யூட்டரில் அழகாகத் திருத்தி வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்போது அவள் ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்தாள். பெண் கம்ப்யூட்டரில் கெட்டி, கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று அவள் அத்தா, அதாவது என் கணவர், அன்றே முடிவு செய்துவிட்டார்.

உயர்நிலைப் பள்ளியில் டிஜிட்டல் டிசைன் பிரிவு வேண்டும் என்று அடம்பிடித்துச் சேர்ந்தாள். அவள் நேரம், கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். லேப் நிறையப் பெரிய பெரிய கம்ப்யூட்டர்கள் உள்ளே சும்மா கிடந்தன. வீட்டுக்குக் கொடுத்துவிட்ட லேப்டாப்போ பாடம் கேட்க மட்டும்தான் லாயக்கு. வரைகிற சாஃப்ட்வேரைத் திறந்தால் அப்படியே உறைந்துவிடும். அத்தாவின் பழைய ஆபீஸ் லேப்டாப்பை எடுத்துக்கொண்டாள். அது மிக்ஸி மாதிரி சத்தம் போடும். சிவப்பு அதில் செங்கல் நிறமாகத் தெரியும் என்பதால், ஒவ்வொரு நிறத்தையும் போனுக்கு அனுப்பிச் சரிபார்த்துக்கொள்வாள். டைனிங் டேபிளில் அத்தா மீட்டிங்கில் இருப்பார். படுக்கையறையில் நான் மெடிக்கல் பில்லிங் வேலையாக இன்சூரன்ஸ்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். அவளுக்கு மிச்சமிருந்தது துணி அலமாரி அறை. தொங்குகிற சல்வார்களுக்குக் கீழே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டிசைனர் ஆகப் படித்தாள்.

பதினொன்றாவதில் அவளுடைய டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். நிஜமான வாடிக்கையாளர் ஒருவரைப் பிடிக்க வேண்டும். அவருக்கு வேண்டியதைச் செய்துகொடுத்து, அவரிடமிருந்தே ஒப்புதல் மெயில் வாங்கி அனுப்ப வேண்டும். ஒப்புதல் இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கணக்கில் வராது. ஒப்புதல் வாங்கியவர்களில் மூன்று பேரைப் பெரிய டிசைன் ஸ்டுடியோ ஒன்றின் கோடைப் பயிற்சிக்குச் சிபாரிசு செய்வாராம். மஹாவின் அத்தா இதைக் கேட்டதும் தன் பங்குக்கு ஒரு கண்டிஷன் போட்டார்.

"அந்த மூணு பேர்ல நீ வந்தா டிசைனே படி. வரலைன்னா கம்ப்யூட்டர் சயின்ஸ். டீல்?"

"டீல்," என்றாள் மஹா. கடைகளெல்லாம் மூடிக்கிடக்கும்போது பிள்ளை வாடிக்கையாளருக்கு எங்கே போவாள் என்று நான் கவலைப்பட்டேன். வாடிக்கையாளர் தானாக வந்தார். வந்தவர், சான் ஹோசேயில் இருக்கும் என் கணவரின் அண்ணன் ஷம்சுதீன். மஹாவுக்குப் பெரியத்தா. அவர் மகன் ஹஸ்னைனுக்கு நாகப்பட்டினத்தில் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். ஆளுக்கொரு நாட்டில் மாட்டிக்கொண்டதால் நிக்காஹ் ஜூமில். ஜூமில் கூப்பிட வாட்ஸப்பில் பத்திரிகை. அந்தப் பத்திரிகை தமிழில்தான் இருக்க வேண்டும் என்று பெரியத்தா ஒற்றைக்காலில் நின்றார். மஹாவுக்குத் தமிழ் கேட்டால் புரியும். எழுத்துக் கூட்டிப் படிப்பாள், அவ்வளவுதான். நான் வாசகத்தை டைப் அடித்துக் கொடுத்தேன். நான் கொடுத்ததில் ஒரு பிழை கிடையாது, இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

முதலில் அவள் செய்தது என் கண்ணிலேயே இருக்கிறது. வெள்ளைப் பரப்பு, பச்சையில் மெல்லிய ஓரம், நடுவில் இரண்டு பெயர்கள். பார்த்தால் மூச்சு விடலாம்போல இருந்தது. குடும்ப குரூப்பில் போட்டோம். பிடித்தது சனி.

"என்னம்மா இது, ஜாஸ்தி காலியா இருக்கே? அந்த எடத்துல ரோஜாப்பூ போடு."

"கோல்டு வேணும்மா. ஜிலுஜிலுன்னு இருக்கணும்."

"என் பேருக்குப் பின்னாடி எம்.எஸ். விட்டுப்போச்சு."

"அவர் பேரு எனக்கு மேல எப்படி வந்துச்சு? நான் மூத்தவன்."

எல்லாம் ஆண்கள். துபாயிலிருந்து, டாலஸிலிருந்து, கோலாலம்பூரிலிருந்து, தூங்குகிற நேரம் விழிக்கிற நேரம் இல்லாமல். ஒருவர் தன் கம்பெனி லோகோவையே அனுப்பினார். வாழ்த்துகிறாராம்! பெரியத்தாவோ தினம் ஒரு புதுச் சித்தப்பாவைக் கண்டுபிடித்துப் பெயர் சேர்க்கச் சொன்னார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அந்த லேப்டாப் இரைந்தது. மஹா பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். நான் பல்லைக் கடிக்கக்கூட இல்லை, அலமாரி அறைக் கதவைச் சாத்திவிட்டு வாய்விட்டுத் திட்டினேன்.

"விடுங்கம்மா, கிளையன்ட்," என்றாள். மற்றதை ஆங்கிலத்தில் சொன்னாள். பிடிக்காதவருக்கும் நன்றாகச் செய்வதுதான் வேலையாம், டீச்சர் சொன்னாராம். எனக்கு அந்த டீச்சர் மேலும் கோபம் வந்தது.

கடைசித் திருத்தத்தை எனக்குக் காட்டாமல் நேரே குரூப்பில் போட்டுவிட்டாள். நான் அந்தச் சமயம் போனில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் காத்திருப்புச் சங்கீதத்தில் இருந்தேன். திரும்பி வருவதற்குள் கட்டைவிரல்கள் குவிந்திருந்தன. "மாஷா அல்லாஹ், அப்ரூவ்ட்" என்று பெரியத்தா மெயிலும் அனுப்பிவிட்டார். மஹா அலமாரியிலிருந்து வெளியே வந்து குதித்தாள். அவள் அத்தா ஊரிலிருக்கிற சொந்தமெல்லாம் பார்க்கட்டும் என்று உடனே எல்லா குரூப்புக்கும் அனுப்பினார்.

மறுநாள் காலை பெரியத்தாவுக்கு நாகப்பட்டினத்திலிருந்து போன். பேசியது மணப்பெண்ணின் தாத்தா ஹபீபுல்லா.

"ஷம்சுதீன், மௌத்தானவன் பேசுறேன். சௌக்கியமா?"

நடந்தது இதுதான். பத்திரிகையில் இடப்பக்கம் மாப்பிள்ளை வீடு, வலப்பக்கம் பெண் வீடு. இடப்பக்கம் முதல் பெயர் என் மாமனார். இறந்துபோனவர் என்பதால் முன்னால் ‘மர்ஹூம்’ என்று போட்டிருந்தோம். இறந்தவரை வெறும் பெயராகப் போடுவது எங்களில் இல்லை. வலப்பக்கம் ஹபீபுல்லா, ஹஜ் செய்தவர் என்பதால் ‘அல்ஹாஜ்’. இரண்டு வரியும் ஒரே நீளத்தில் நிற்கவில்லை. மஹாவுக்கு அது கண்ணை உறுத்தியிருக்கிறது. இரண்டும் மிஸ்டர் மாதிரி ஏதோ மரியாதைச் சொல் என்று நினைத்து, இரண்டு பெயருக்கும் இரண்டையும் போட்டுவிட்டாள். வரிகள் கச்சிதமாக நின்றன. ஹஜ்ஜுக்கே போகாத என் மாமனார் ஹாஜியாகிவிட்டார். சாயங்காலம் தவறாமல் நடைபோகிற ஹபீபுல்லா மௌத்தாகி, செத்தவராகிவிட்டார்.

கொரோனா காலம். யார் மௌத் என்று சொன்னாலும் நம்புகிற காலம். சிங்கப்பூரில் ஒருவர் மௌத்துக்குச் சொல்லும் ‘இன்னா லில்லாஹி’ போட, அது பரவி, தெருக்காரர்கள் முகக்கவசத்தோடு ஹபீபுல்லாவின் வாசலில் வந்து நின்றுவிட்டார்களாம். கதவைத் திறந்ததே அவர்தான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, மஹா மேல் இல்லை. அத்தனை ஆம்பளைகள் பார்த்தார்களே, வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கினார்களே, ஒருத்தர் கண்ணிலாவது பட வேண்டாமா? எப்படிப் படும்? ஒவ்வொருவரும் தன் பெயரைத் தேடிப் பெரிதாக்கி, எம்.எஸ். இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள்.

பெரியத்தா போனில் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். "அப்ரூவல் எல்லாம் கேன்சல்! சம்பந்தி வீட்டுல என் மானமே போச்சு. வெளையாட்டா போச்சா உனக்கு? வேற ஆள வெச்சு செஞ்சுக்கறேன்." மஹா "சாரி, பெரியத்தா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். டீச்சருக்கு அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி. அன்று புதன்.

என் கணவர் ஒரு வழி சொன்னார். அவர் சாஃப்ட்வேர்காரர், அவருக்கு எதற்கும் ஒரு குறுக்குவழி உண்டு.

"அண்ணன் அனுப்புன மெயில் இன்பாக்ஸ்ல இருக்குல்ல? அத அப்படியே அனுப்பு. உன் டீச்சருக்கு தமிழா தெரியும்?"

மஹா அவரை நிமிர்ந்து பார்த்தாள். தப்பு என்று எனக்குத் தெரியுமே என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அலமாரிக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள். ஒவ்வொரு சொல்லையும் படித்து என்ன அர்த்தம் என்று சொல்லச் சொன்னாள். துணிகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்து, ஜனாப் என்றால் என்ன, இன்னாரின் பேரன் என்று ஏன் எழுதுகிறோம் என்று வரிவரியாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டவள், திரையைக் காட்டி, "வேர் இஸ் பெரியம்மா?" என்றாள்.

"பெரியம்மா பேரு போட மாட்டாங்கடா. பழக்கம் அப்படி."

செத்தவர்களுக்குக்கூடத் தனியாக ஒரு சொல் வைத்து இடம் கொடுத்திருக்கிறீர்கள், மாப்பிள்ளையைப் பெற்றவளுக்கு இடமில்லையா என்று கேட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது, அவள் கேட்டது நியாயமாக இருந்ததால். பெண்ணைத் தேடியது பெரியத்தாவின் மனைவி ரஹ்மத் அக்காதான். சம்பந்தி வீட்டில் தினம் பேசியது, புடவை நகை முடிவு செய்தது, ஜூம் எப்படித் திறப்பது என்று நாகப்பட்டினத்துக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அக்காதான். சமையல் இருக்கிறதென்று எழுந்துவிட்டேன்.

ஹபீபுல்லாவை உயிர்ப்பித்து, என் மாமனாரின் ஹஜ்ஜை எடுத்து, இரண்டு வீட்டு அம்மாக்களின் பெயரையும் சேர்த்து, மன்னிப்பும் எழுதிப் பெரியத்தாவுக்கு அனுப்பினாள். வியாழக்கிழமை அவரே வீடியோவில் கூப்பிட்டார். கோபம் இறங்கியிருந்தது. ஹபீபுல்லா பெரிய மனிதர், ‘பிள்ளையைத் திட்டாதீங்க’ என்று சொல்லியிருந்தார்.

"எல்லாம் ஓகேம்மா. நல்லா வந்திருக்கு. ஆனா லேடீஸ் பேரு போடற வழக்கம் நம்மகிட்ட கிடையாது. அந்த ரெண்ட மட்டும் எடுத்துடு, இப்பவே அப்ரூவ் பண்றேன்."

இவ்வளவுதான் வேலை. இரண்டு வரியை அழித்தால் ஒப்புதல் வரும், டீச்சர் கணக்கில் வரும், அவள் விரும்பிய படிப்பு வரும். என் கணவர் கேமராவுக்கு வெளியே நின்று, எடு எடு என்று கையாட்டினார். நானும் மனதுக்குள் எடுத்துத் தொலை என்றுதான் சொன்னேன். எடுத்துவிடாதே என்றும் அதே மனது சொல்லிற்று. மஹா மௌஸைப் பிடித்தபடி ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"என்னம்மா, கேக்குதா? ஹலோ?"

அப்போது அந்தப் பக்கம் போன் ஆடியது. மேல்கூரை தெரிந்தது, மின்விசிறி தெரிந்தது, பிறகு ரஹ்மத் அக்காவின் முகம் தெரிந்தது. ஒரு கையில் கரண்டி.

"மஹா, உன் டீச்சருக்கு மெயில் யாரு அனுப்பணும்? மாப்பிள்ளையோட அம்மா அனுப்புனா செல்லாதா?"

மஹா என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு தமிழிலேயே சொன்னாள். "செல்லும், பெரியம்மா. நீங்களும் கிளையன்ட்தான்."

"ஏ, என்ன பண்ற நீ? போனக் குடு," என்று பின்னாலிருந்து பெரியத்தாவின் குரல்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. அவர் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார். "உசுரோட இருக்கற மனுசன மௌத்துன்னு போட்டதுக்கு நீங்க அப்ரூவ் பண்ணீங்க. நான் உசுரோட இருக்கேன்னு போட்டதுக்கு நான் அப்ரூவ் பண்றேன். இதுல என்ன தப்பு?"

என் கணவர் கையாட்டுவதை நிறுத்தியிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த வீட்டு ஆண்கள் யாருக்கும் யாரும் இப்படி ஒரு பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

அக்காவுக்கு மெயில் எழுதிப் பழக்கமில்லை. ஒரு விரலால் தட்டியிருப்பார் போல, வர நேரமாயிற்று. வந்ததை மஹா சத்தமாகப் படித்தாள். இரண்டே வரி ஆங்கிலம். ‘நான் ரஹ்மத், மாப்பிள்ளையின் தாய். முழுவதும் படித்துப் பார்த்தேன், இதில் இருக்கிற எல்லாப் பெயரும் சரி.’