கோயிலுக்கு மேலே சப்பாத்தோடு

இன்று மெர்டேக்கா, சுதந்திர தின விடுமுறை. நானும் என் மனைவியும் மலாக்காவின் சுழல் கோபுரத்தில் ஏறிவிட்டோம்.

பல வருடங்களாக மழை, காற்று, கூட்டம் என்று நான் தள்ளிப்போட்டது.

"நீங்க வரலன்னா நானும் ஏறல. இனிமே கேக்கவும் மாட்டேன்" என்றாள் காலையில். உயரத்தைவிட அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பயமுறுத்தியது.

உட்கார்ந்ததும் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டேன். எங்களைச் சுமந்த கண்ணாடிக் கூடு கோபுரத்தைச் சுற்றிச் சுழன்றுகொண்டே ஏறியது.

கண்ணைத் திறந்தால், மலாக்கா முழுவதும் கீழே. ஓட்டுக் கூரைகள், வளைந்து போகும் ஆறு, வெயிலில் மின்னும் நீரிணை. இத்தனை காலம் நடந்து திரிந்த ஊர். கடல் இவ்வளவு பக்கத்தில் இருப்பது இன்றுதான் தெரிந்தது.

கூடு காஜா பெராங் சாலைப் பக்கம் திரும்பியது.

"ஏங்க, நம்ம அம்மன் கோயில்! அதுக்கு மேல சப்பாத்தோட ஒக்காந்திருக்கோம். கழட்டுங்க!"

அண்ணாந்தே பார்த்துப் பழகிய கோயில் கோபுரம் கட்டைவிரல் அளவில் நின்றது.

சப்பாத்து கழன்று விழக்கூடாதென்று இரட்டை முடிச்சுப் போட்டு வந்தவன் நான். குனிந்து அவிழ்த்தேன். நிமிர்ந்து கும்பிட்டபோதுதான், கைப்பிடியை விட்டுவிட்டது புரிந்தது. பயமே இல்லை.

பக்கத்துச் சீனப் பெண், "கேன புக்கா கசுட் கா, அங்கிள்?" என்றாள். கட்டாயம் கழற்ற வேண்டுமா என்று கேட்கிறாள். மலாய் மொழியில் விளக்கம் தேடுவதற்குள் தலையாட்டிவிட்டேன். அவள் கழற்றினாள். அவளைப் பார்த்து மொத்த வரிசையும் கழற்றியது.

எல்லோரும் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி இறங்கினோம். ஏறக் காத்திருந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டுத் தாங்களும் குனிந்தார்கள்.

நாளை ஏறுகிறவர்கள் யாராவது சொல்லுங்கள். இன்னும் கழற்றிக்கொண்டுதான் இருக்கிறார்களா?