தண்ணீர் ஏறும்வரை

போன் வந்தபோது, நோயாளிகளின் தலையில் ஒட்டும் எலக்ட்ரோடு வில்லைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். புன்னக்காயலிலிருந்து சூசை அண்ணாச்சியின் மகன் ஜெரோம் பேசினார். "அப்பா போயிட்டாவ. தூக்கத்துலயே." துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது ஆறுதல்தான். தூக்கத்திலா! சூசை அண்ணாச்சியா!

அவரை அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வல்லம் என்னும் மீன்பிடிப் படகில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடிபட்ட மீனவர் அவர். காயம் ஆறியது, வலி ஆறவில்லை. அதன்பின் நாற்காலியில் சாய்ந்துதான் கண்ணயர்வார். எங்கள் பாளையங்கோட்டை வலி சிகிச்சை மையத்துக்கு வந்த அன்றே, "மல்லாந்து படுத்து ஒரு தூக்கம். அது போதும் தம்பி" என்றார்.

நான் கொடுப்பது நியூரோஃபீட்பேக் என்னும் பயிற்சி. மூளையின் மின்னலைகளைக் கணினி படிக்கும். அவை தணிந்தால் திரையில் ஒரு படகு நகரும். மனம் முறுக்கிக்கொண்டால் நின்றுவிடும். வலியோடு மல்லுக்கட்டாமல் இருக்க மனம் மெல்லப் பழகும். எல்லோருக்கும் கைகூடும் என்று சொல்ல மாட்டேன்.

அண்ணாச்சிக்கு வந்தது யாருக்கும் வராத சிக்கல். மற்றவர்கள் படகைப் பார்ப்பார்கள், அவர் ஓட்டினார். "ஏலே, இந்தக் காத்துக்குப் பாய் இப்படியா நிக்கும்? எந்தக் கோட்டிக்காரன் வரைஞ்சான்?" என்று திரையைத் திட்டுவார். கை சுக்கானைத் தேடும். படகு அசையவே அசையாது. வாரங்கள் இப்படியே போயின.

ஒருநாள் அலுத்துப்போய்க் கேட்டேன்: "கடல்ல நீங்க சும்மா இருக்க நேரமே கிடையாதா அண்ணாச்சி?"

"ஏன் இல்ல? முகத்துவாரத்துல மணல்திட்டு கெடக்கும்லா. தண்ணி ஏறுத மட்டும் இஞ்சினை அணைச்சிட்டு வெளிய கெடப்போம், ஏறினதும் பையக் கரைக்கு வருவோம். அங்கன அவசரப்பட்டா வல்லம் தரைதட்டிரும்."

"அப்ப இங்கனயும் அப்படியே கெடங்க."

கண்கள் பாதி மூடின. தோள்கள் இறங்கின. ஆறும் கடலும் கலக்கும் அந்தக் கலங்கல் நீரில் அவர் மிதந்துகொண்டிருப்பது எனக்கே தெரிவதுபோல் இருந்தது. குளிர்சாதனத்தின் இரைச்சல்கூட அலைச் சத்தமாகக் கேட்டது. படகு பைய நகர்ந்தது.

பல மாதம் விடாமல் வந்து பழகினார். ஒரு காலை, முடியில் அப்பிய பசையைத் துடைத்தபடியே சிரித்தார். "நேத்து படுத்துத் தூங்கினேன் வே. வலி போகல. அதுவும் பக்கத்துலதான் படுத்துக் கெடக்கு. கெடக்கட்டும்."

அடக்கத்துக்குப் போயிருந்தேன். பெட்டிக்குள் மல்லாந்து படுத்திருந்தார், முகத்தில் சுளிப்பே இல்லை. அதைப் பார்த்துத்தான் அழுதேன். திரும்பும்போது, முகத்துவாரத்துக்கு வெளியே சில வல்லங்கள் இஞ்சினை அணைத்துவிட்டு மிதந்துகொண்டிருந்தன. யாருக்கும் அவசரமில்லை.

உங்களுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது, அண்ணாச்சி. பையக் கரை சேருங்கள்.