புறங்கை

ராயபுரத்துச் சந்துகளில் வயர்மேன் இக்னேஷியஸ் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. தொட்டுக் காட்டுற இக்னேஷி என்றால் வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுவார்கள். வேலை முடிந்ததும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்று, புறங்கையை மெயின் ஸ்விட்ச் இருக்கும் இரும்புப் பெட்டியின்மேல் வைப்பார். பிறகு வீட்டுக்காரரைத் தொடச் சொல்வார். அதற்கப்புறம்தான் செருப்பு.

உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் பிடித்துக்கொள்ளும், புறங்கையானால் உதறிவிடும். ஹார்பரில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் பதினெட்டு வருஷம் இருந்தபோது கற்றது. பிறகு எண்ணூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலை. தொண்ணூற்றெட்டில் ஒப்பந்த ஆட்களை அங்கே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து வீட்டு வேலைதான். டெஸ்டர் சட்டைப் பையில் இருக்கும். அதை அவர் நம்பியதில்லை.

"டெஸ்டர் பொய் சொல்லும். தோலு சொல்லாது" என்பார்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் தவக்காலத்தில் ஒரு மத்தியானம், சாப்பிட வந்தவரை மனைவி சிலுவையம்மாள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"இன்னாயா, இன்னொரு செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தார். வலது காலில் செருப்பு இல்லை.

"குடிச்சிகீறியா?"

"தவக்காலத்துல எவன் குடிப்பான்?"

"தார் ரோட்ல வெறுங்கால்ல வந்துகீற. சுடல?"

சுடவில்லை. குதிகாலில் கொப்புளம் எழும்பியிருந்தது. அதை அவளே காட்டினாள். இக்னேஷியஸ் வந்த வழியே திரும்பிப் போனார். மூன்று தெரு தள்ளி ஐஸ் கம்பெனி ஓரமாகச் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. மாட்டிக்கொண்டு வந்து சாப்பிட்டார்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் சர்க்கரை நோய் முகாம் நடந்தது. சிலுவையம்மாள் விடவில்லை. டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, கையிலும் காலிலும் ஊசி முனையால் தொட்டார். தெரிந்தால் 'ம்' சொல்ல வேண்டும். இக்னேஷியஸ் பத்து முறை 'ம்' சொன்னார்.

"நான் ஆறு தடவைதான் தொட்டேன்" என்றார் டாக்டர். "என்ன வேலை?"

"வயர்மேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தி அவரைப் பார்த்தார். "அந்த வேலைய விட்டுருங்க. இனிமே கைய நம்பாதீங்க."

மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டார். வேலையை விடவில்லை. டாக்டர் சொன்னதை யாரிடமும் சொல்லவும் இல்லை. கை போய்விட்டது என்று தெரிந்தால் தெருவில் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள்.

ஈஸ்டர் கழிந்த வாரம் ரூத் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர், புருஷன் கப்பலில் இருந்தான். வீட்டின்மேல் மாடி எடுத்திருந்தாள். கீழே இருந்த மீட்டரிலிருந்து மாடிப் பெட்டிக்குப் புது லைன் வேண்டும். உப்புக் காற்றுக்கும் எலிக்கும் தாங்குவது ஆர்மர்டு கேபிள்தான் என்று இக்னேஷியஸே வாங்கி வந்தார். கறுப்பு உறைக்கு உள்ளே சுற்றிலும் எஃகுக் கம்பிகள், அதற்கும் உள்ளே இன்னொரு உறை, அதற்குள்தான் கரண்ட் ஓடும் வயர்கள்.

பெட்டிக்குள் விடுவதற்கு முன் கம்பிகளை ரம்பத்தால் சுற்றிலும் பாதிதான் அறுக்க வேண்டும். மீதியை ஆட்டி ஆட்டி ஒடிக்க வேண்டும். முழுக்க அறுத்தால் ரம்பத்தின் பல் உள் உறையில் இறங்கிவிடும். பாதி வந்ததைக் கண் காட்டாது, விரல்தான் சொல்லும். அவர் அறுத்தார், ஒடித்தார், கிளாண்ட் என்கிற பித்தளைப் பிடியை முறுக்கிப் பெட்டியில் கேபிளை இறுக்கினார். வயர்களை மாட்டினார். கீழே போய் ஃபியூஸைப் போட்டுவிட்டு மேலே வந்தார்.

ரூத் அப்போதுதான் தரையைக் கழுவி முடித்திருந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காய்ந்த மூலையில் நின்று புறங்கையை வைத்தார்.

"தொடுமா."

அவள் ஈரக்காலோடு வந்து தொட்டாள். கை தெறித்தது. பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டாள். இக்னேஷியஸின் கை பெட்டியின்மேலேயே இருந்தது.

"ண்ணா, அடிக்குதுண்ணா. உனுக்கு அடிக்கல?"

அவர் கையை எடுத்தார். ஈரத்தில் வந்து நின்று திரும்பவும் வைத்தார். விரல்கள் தாமாக மடங்கி மடங்கி விரிந்தன. வேறு யாருடைய விரல்களையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எடுண்ணா கைய" என்றாள் ரூத்.

எடுத்தார். கீழே போய் ஃபியூஸைப் பிடுங்கினார்.

கிளாண்டைப் பிரித்ததும் தெரிந்தது. ரம்பம் கம்பியைத் தாண்டி, உள் உறையைத் தாண்டி, கரண்ட் வரும் சிவப்பு வயரின் தோலில் இறங்கியிருந்தது. ஒடிந்த கம்பி ஒன்று அதில் குத்திக்கொண்டு நின்றது. கீழே எர்த் கம்பியின் இணைப்பும் துருப்பிடித்து, தொட்டதும் உதிர்ந்தது. அதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். பார்த்துச் சரிசெய்திருந்தால், பெட்டியில் கரண்ட் ஏறியதுமே ஃபியூஸ் போயிருக்கும்.

ஒரு சாண் கேபிளை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார். ஒவ்வொரு கம்பியாகக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்து அறுத்தார். அரை மணி நேர வேலைக்கு மூன்று மணி நேரம் ஆனது. எர்த் இணைப்பைச் சுரண்டி, புதுக் கம்பி வைத்து முறுக்கினார்.

திரும்ப ஃபியூஸைப் போட்டபோது ரூத் தள்ளி நின்றாள். இக்னேஷியஸ் பையிலிருந்து ஹோல்டரோடு ஒரு பல்பை எடுத்தார். ஒரு வயரை நியூட்ரலில் வைத்து இன்னொன்றைப் பெட்டியில் தொட்டார். எரியவில்லை. நியூட்ரலில் இருந்ததை எடுத்துக் கரண்ட் வரும் வயரில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது.

"பொட்டில கரண்ட் இல்ல. எர்த்தும் புடிச்சிகீது."

"பல்பெல்லாம் எனுக்கு இன்னாண்ணா தெரியும்? நீ கை வையி. நீ வச்சா நான் நம்புறேன்."

அவர் புறங்கையைப் பார்த்தார். வைத்தால் போதும். அவள் நம்புவாள், தெருவும் நம்பும்.

"காலைல கூட வச்சேன்" என்றார். "என் கைக்கு ஒண்ணும் தெரியல ரூத்து. மாசக்கணக்கா தெரியல. சக்கர."

ரூத் அவர் கையைப் பார்த்தாள்.

"அப்ப இத்தினி நாளா தெரியாமதான் கை வச்சியா?"

"இத்தினி நாளா."

அவள் காலைத் துணியில் துடைத்தாள். பல்பைத் திரும்ப ஒரு முறை வைத்துக் காட்டச் சொன்னாள். காட்டினார். பிறகு புறங்கையைத் திருப்பி, அவர் வைப்பதுபோலவே பெட்டியின்மேல் வைத்தாள்.

"ஒண்ணும் இல்லண்ணா."

"ம்" என்றார்.

சாமான்களைப் பையில் போட்டார். பல்பைத் துணியில் சுற்றி மேலாக வைத்தார். படியில் இறங்கும்போது பாதியில் நின்று குனிந்து பார்த்தார். இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அடுத்த படியைக் கண்ணால் பார்த்துக் காலை வைத்தார்.