அழுக்கு என்று நான் ஊற்றிய தண்ணீர்

தமிழரசி, கவின், உங்கள் இருவருக்கும்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் கூட்டேரிப்பட்டில் நடந்த கல்யாணப் பந்தியில் உங்கள் பெரிய மாமா என்னிடம், "இப்ப இன்னா வேலை பண்ணிக்கினு இருக்கீங்க மாப்ள?" என்று கேட்டார். "பம்ப் ஆபரேட்டர்" என்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் தமிழரசி, "ஏம்ப்பா முழுசா சொல்லல?" என்றாள். சாப்பிடுகிற இடத்தில் கக்கூஸ் தண்ணீர் பேச்சு எதற்கு என்று சும்மா இருந்துவிட்டேன் என்றேன். அது பாதி உண்மைதான். மீதியை எழுதிக் காட்டுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

1. பழுப்புத் தண்ணீர்

முதலில் விழுப்புரத்தில் ஒரு எஸ்.டி.பி.யில் சேர்ந்தேன். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தை எங்கள் லைனில் அப்படித்தான் சொல்வோம். உள்ளே வரும் சாக்கடைத் தண்ணீருக்கு இன்லெட் என்று பெயர். அது முதலில் கம்பி ஜல்லடை போன்ற ஸ்கிரீனில் விழும். துணி, பிளாஸ்டிக், ஷாம்பு பாக்கெட் எல்லாம் அங்கே மாட்டிக்கொள்ளும். அடுத்து ஈக்வலைசேஷன் டேங்க். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் குளிப்பார்கள், மத்தியானம் ஒருவரும் குளிக்க மாட்டார்கள். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிப் பிடித்துச் சீராக அனுப்புகிற தொட்டி அது. அதற்கு அடுத்தது ஏரேஷன் டேங்க். அடியில் இருந்து காற்று கொப்பளித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் சுக்குக் காப்பி நிறத்தில் இருக்கும்.

அந்த நிறத்தில்தான் நான் ஏமாந்தேன்.

சேர்ந்த நாலாம் நாள் ஷிப்ட் ஆபரேட்டர் தேவராஜ் அண்ணன் ஒரு சாவுக்குப் போக வேண்டியிருந்தது. "ஸ்கிரீனை மட்டும் வாரிக்கினு இரு. வேற எதையும் தொடாத" என்று சொல்லிவிட்டுப் போனார். நாளைக்கு இன்ஜினியர் வருகிறார் என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு அழுக்கை வைத்துக்கொண்டு எப்படி அவருக்குக் காட்டுவது என்று நினைத்தேன். கசடை வெளியே தள்ளுகிற ஸ்லட்ஜ் வால்வைத் திறந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தப் பழுப்பை எல்லாம் காயப்போடும் மணல் பாத்திகளுக்கு அனுப்பினேன். டேங்க் வெளுத்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பிளாட்பாரத்தைக்கூடக் கழுவிவிட்டேன்.

மறுநாள் தேவராஜ் அண்ணன் வந்து டேங்கை எட்டிப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"டேய் ஏழுமலை, இன்னாடா பண்ணி வச்சிருக்க?"

"கிளீன் பண்ணேன்ணே."

"கிளீனா? உள்ள வேலை செஞ்சிக்கினு இருந்ததே அதுங்கதான்டா! ஒரு ஊரையே காலி பண்ணிட்டு நிக்கறியே!"

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பழுப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். அழுக்கைத் தின்பவை அவைதான். தொட்டியில் அவை எவ்வளவு இருக்கின்றன என்பதற்கு எம்.எல்.எஸ்.எஸ். என்று பெயர். அவற்றுக்குக் காற்று வேண்டும், சாப்பாடு வேண்டும், விஷம் படக்கூடாது. மாட்டுக் கொட்டகையைக் கழுவி வைக்கிறேன் என்று மாட்டையே ஓட்டிவிட்ட கதைதான் என்னுடையது. திரும்ப வளர்த்தெடுக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு மாத நாற்றமும் என்னால் வந்தது. தேவராஜ் அண்ணன் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. "அனுப்பினா போற எடத்துலயும் இதையே பண்ணுவ" என்றார்.

2. சுண்ணாம்புக் கோடுகள்

பிறகு திண்டிவனத்துக்கு வந்தேன். ஒலக்கூர் பக்கம் ஒரு காலேஜ், கூடவே பெண்கள் ஹாஸ்டல். அங்கே எஸ்.டி.பி. முழுவதும் என் பொறுப்பு. நான் சேர்ந்தபோது கட்டடம் இருந்தது, மரம் இல்லை. வெயிலில் நின்றால் செருப்பு ஒட்டிக்கொள்ளும்.

தோட்டம் போட ஹசீனா மேடம் வந்தார். கோட்டக்குப்பத்துக்காரர். லேண்ட்ஸ்கேப் பிளானிங் படித்தவர். முதல் வாரம் ஒரு செடிகூட நடவில்லை. மட்டம் பார்க்கிற கருவியை வைத்துக்கொண்டு நிலம் முழுக்கச் சுண்ணாம்புத் தூளால் வளைந்து வளைந்து கோடு போட்டார்.

"இன்னா மேடம், கோலமா?" என்றேன்.

"இதுக்குப் பேரு கான்டூர்ணே. இந்தக் கோட்டுமேல நீங்க எங்க நின்னாலும் ஒரே ஒசரம். மழைத் தண்ணி கோட்டைக் குறுக்க வெட்டிக்கினுதான் கீழ எறங்கும். அது எப்படிப் போவுதுன்னு தெரியாம மரம் வச்சா, ரெண்டு மழையில வேரோட வந்துரும்."

அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் ஸ்வேல் வெட்டினார்கள். ஆழமில்லாமல், அகலமாக, புல் போர்த்திய வாய்க்கால் அது. மழைத் தண்ணீர் அதில் நிதானமாக நடந்து, மண் வடிந்து, கடைசியில் காலேஜ் மதிலுக்கு வெளியே கிராமத்து ஏரியில் சேரும். ஸ்வேல் ஓரமாகப் புங்கன், பூவரசு, இலுப்பை, வேம்பு வைத்தார். அவற்றுக்குத் தண்ணீர் நான் கொடுக்க வேண்டும். சுத்தம் செய்து வெளியே வருகிற தண்ணீர், அதாவது அவுட்லெட், சொட்டுக் குழாய் வழியாக அந்த வேர்களுக்குப் போனது.

அவர் எனக்குக் கான்டூர் சொல்லிக் கொடுத்தார். நான் அவருக்கு சிலிண்டர் டெஸ்ட் காட்டினேன். ஏரேஷன் டேங்க் தண்ணீரை ஒரு லிட்டர் கண்ணாடி சிலிண்டரில் பிடித்து அரைமணி நேரம் ஆட்டாமல் வைக்க வேண்டும். பழுப்பு கீழே படிந்து, மேலே தெளிந்தால் டேங்க் ஆரோக்கியமாக இருக்கிறது. படியாவிட்டால் எங்கேயோ கோளாறு. ஹசீனா மேடம் குனிந்து முழு அரைமணி நேரமும் பார்த்தார். "கடல்ல மணல் அடங்குற மாரியே இருக்குணே" என்றார்.

ஒன்றே ஒன்றுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. யாரோ பழைய காண்ட்ராக்டர் வைத்துவிட்டுப் போன பைபாஸ் வால்வு. அதைத் திறந்தால் சாக்கடை எந்தத் தொட்டிக்கும் போகாமல் நேராக ஸ்வேலில் விழும். அங்கிருந்து ஏரி. "இதை என்னிக்குமே தொறக்க மாட்டேன்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். வாயால் சொல்வது சுலபம்.

3. படியாத சிலிண்டர்

மரங்கள் நிழல் தருகிற அளவுக்கு வளர்ந்த பிறகு, ஒரு முறை காலேஜைப் பார்வையிட வெளியூரிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. வியாழக்கிழமை வருகிறார்கள். அதற்கு முந்தைய சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஹாஸ்டல் கழிவறைகள் எல்லாம் தேய்த்துக் கழுவப்பட்டன. திங்கட்கிழமை காலை நான் போனபோது ஏரேஷன் டேங்க் மேலே வெள்ளை நுரை. எப்போதும் வருகிற மழை மண் வாசனை இல்லை. சிலிண்டர் பிடித்து வைத்தேன். அரைமணி ஆனது, ஒருமணி ஆனது. மேலிருந்து கீழ் வரை ஒரே கலங்கல். ஆக்சிஜன் மீட்டர் வழக்கத்தைவிட மூன்று மடங்கு காட்டியது. புதிதாக வருபவன் அதைப் பார்த்தால் நல்லது என்று நினைப்பான். காற்றை மூச்சாக இழுக்க ஆள் இல்லாததால்தான் அது அப்படியே மிஞ்சிக் கிடந்தது.

ஹாஸ்டல் துப்புரவு சூப்பர்வைசர் லட்சுமி அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, என்ன போட்டுக் கழுவினீங்க?"

"ஏ பிளாக்குக்கு ஆசிட்டு, பி பிளாக்குக்கு பிளீச்சிங். கேன் கேனா எறக்கிக் குடுத்தாங்கப்பா. முகம் பாத்துக்கலாம் போ, அப்படிப் பளபளன்னு இருக்குது. ஏன்?"

எனக்குக் கோபம் வரவில்லை. விழுப்புரத்தில் நான் செய்ததும் இதுதான். யாரோ பார்க்க வருகிறார்கள் என்று சுத்தம் செய்து தொலைத்தது.

காலேஜ் மேனேஜர் வந்தார். நல்ல மனிதர்தான், அவர் தலையில் ஆயிரம் வேலை. நுரையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"ஏழுமலை, இது இன்னா பேஜாரு? வியாழக்கிழமை ஆளுங்க வர்றாங்க. ஜல்தியா பைபாஸைத் தொறந்து விடு. அவங்க போனதும் அப்பால பாத்துக்கலாம்."

"முடியாது சார்."

"இன்னா முடியாது? மூணு நாளுதானே?"

"அது ஏரிக்குப் போகும் சார்."

"ஏரி என்ன குடிக்கிற தண்ணியா?"

பின்னால் நின்றிருந்த லட்சுமி அக்கா, "சார், அந்த ஏரிக்குக் கீழதான் என் கழனி கீது. இப்பதான் நாத்து நட்டிருக்கேன். சேத்துல முட்டிக்கால் வரைக்கும் எறங்குறது நானு. உங்க ஆளுங்க வந்து எறங்குவாங்களா?" என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். ஈக்வலைசேஷன் டேங்க் சுவரில் மட்டம் தெரிவதற்கு நான் கோடு கோடாகப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தேன். வருகிற தண்ணீரை ஏரேஷன் டேங்குக்கு அனுப்பாமல் இங்கேயே பிடித்து வைத்தால், நாளை சாயங்காலம் தொட்டி நிரம்பும். அதற்குள் ஏதாவது செய்கிறேன் என்றேன்.

"வழிஞ்சுதுன்னா வியாழக்கிழமை காலையில ஐடி கார்டை கேட்லயே குடுத்துட்டுப் போயிடு. ரெண்டு பேரும்தான்" என்றார் லட்சுமி அக்காவையும் சேர்த்து.

உங்கள் ஸ்கூல் ஃபீஸ் ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது.

4. ஒரே லாரி

தேவராஜ் அண்ணனுக்கு போன் செய்தேன். அவர் இன்னும் விழுப்புரம் பிளாண்டில்தான் இருந்தார்.

"அண்ணே, ஒரு டேங்கர் லாரி சீட் ஸ்லட்ஜ் வேணும். என் டேங்க் செத்துப்போச்சு."

தயிருக்கு உறை ஊற்றுவதுபோல, செத்த டேங்குக்கு உயிருள்ள டேங்கிலிருந்து பழுப்பைக் கொண்டுவந்து ஊற்றுவதற்குத்தான் சீட் என்று பெயர். அந்தப் பக்கம் சிரிப்பு.

"அன்னிக்கி எங்கிட்ட இருந்தது மொத்தத்தையும் கொண்டுபோய்க் காயப்போட்டவன், இன்னிக்கி ஒரு லாரி குடுன்னு கேக்கறான் பாரு! எங்க எழுதி வைக்கிறது இதை?"

"நீங்க என்ன வேணாலும் திட்டுங்கண்ணே. குடுப்பீங்களா?"

"எங்க இன்ஜினியரைக் கேட்டுட்டுச் சொல்றேன். நீ இங்க வரும்போது லாரியைக் காலியா ஓட்டிக்கினு வராதடா. உன் சாக்கடையை ரொப்பிக்கினு வா. எங்க இன்லெட்ல எறக்கு. போவும்போது சீட்டை ரொப்பிக்கினு போ."

எனக்கு அது தோன்றவே இல்லை. ஒரே லாரி போகும்போது தொட்டி மட்டத்தைக் குறைக்கும், வரும்போது உயிரைக் கொண்டுவரும். அரைமணியில் அனுமதி கிடைத்துவிட்டது என்று போன் வந்தது.

விஷயம் கேள்விப்பட்ட ஹசீனா மேடம், கோடு போட்டு மிஞ்சிய சுண்ணாம்பு மூட்டை இரண்டை டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார். ஆசிட்டை அடக்க அது வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றி, ஆசிட் எவ்வளவு என்று காட்டுகிற பி.எச். பேப்பரை நனைத்து நனைத்து நிறம் பார்த்தோம். லட்சுமி அக்கா ஹாஸ்டலில் ரூம் ரூமாகப் போய், இரண்டு நாளைக்குத் துணி துவைக்கக் கூடாது, குளியல் ஒரு பக்கெட் என்று சொல்லிவிட்டு வந்தார். எந்த இன்ஜினியர் சொல்லியிருந்தாலும் அந்தப் பெண்கள் கேட்டிருக்க மாட்டார்கள். "என் நாத்து சாவும்னு சொன்னேன். எல்லாம் கேப்பைக்கூழு குடிச்சு வளர்ந்த ஊட்டுப் பிள்ளைங்கதானே, புரிஞ்சிக்கிச்சுங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை லாரி மூன்று நடை போனது. மதியம் தண்ணீர் கடைசிக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது. மேனேஜர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் மூன்றாம் நடை கிளம்பியபோது மட்டம் மூன்று கோடு இறங்கியிருந்தது. புதன்கிழமை இன்னும் இரண்டு நடை. டேங்கில் பழையபடி சுக்குக் காப்பி நிறம் வந்தது.

வியாழக்கிழமை குழு வந்தது. புங்க மரத்து நிழலில், ஸ்வேல் ஓரத்துப் புல்லில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். எஸ்.டி.பி. பக்கம் ஒருவரும் வரவில்லை. சாயங்காலம் மேனேஜர் போன் செய்தார். "பச்சையா இருக்குன்னு சொன்னாங்கய்யா" என்றார். பிறகு, "அந்த பைபாஸ் பைப்பை அடைச்சுர்றதுக்கு எவ்ளோ சிமென்ட் வேணும்னு சொல்லு" என்றார். என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்ட விதம் அது.

பிள்ளைகளே, சுத்தம் என்றால் வெள்ளையாக இருப்பது என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒன்றின் பெயர் தெரியாமல் அதன்மேல் கை வைக்காதீர்கள். எம்.எல்.எஸ்.எஸ்., கான்டூர், ஸ்வேல், சீட். இந்த வார்த்தைகளை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு தப்போ, ஒரு பயமோ கொடுத்து வாங்கினேன். அடுத்த கல்யாணத்தில் மாமா கேட்டால் நானே சொல்வேன், எஸ்.டி.பி. ஆபரேட்டர் என்று. இலையில் பாயசம் இருந்தாலும் சொல்வேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

குழு வந்துபோன அந்த வாரம், சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் போன பிறகு சிலிண்டர் பிடித்து வைத்தேன். அரைமணி நேரத்தில் பழுப்பு கால்வாசிக்குப் படிந்தது. மேலே இருந்த தண்ணீர் வழியாக எதிர்ச்சுவரின் வெடிப்புகூடத் தெரிந்தது. நோட்டில் அளவை எழுதினேன். மரங்களுக்குப் போகும் வால்வைத் திறந்துவிட்டேன். டெஸ்ட் முடிந்த தண்ணீரை வழக்கமாகக் கழுவுகிற தொட்டியில் கவிழ்த்துவிடுவோம். அன்றைக்கு சிலிண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இரும்புப் படி ஏறி, அந்த ஒரு லிட்டரை ஏரேஷன் டேங்கில் மெல்லச் சாய்த்தேன். அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் விட்டு அலசி, அதையும் உள்ளேயே ஊற்றினேன்.