சாகணில் கை மாறிய நன்றி

“செவ்வாய். காலையிலிருந்து மழை. கிரஹாம் இன்று தேநீரை வாங்கிக்கொண்டு தேங்க் யூ சொல்லவில்லை.” என் நாட்குறிப்பின் ஒரு ஜூலை மாதப் பக்கத்தில் இப்படி இருக்கிறது. பேரரசுகள் எந்த நாளில் விழுந்தன என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் ஓயாத சண்டை. எங்கள் தொழிற்சாலையைப் பொறுத்தவரை அந்தச் சிக்கல் இல்லை. பிரிட்டன் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலைத் தேநீர் வேளையில்.

இடம் சாகண், மராத்தி பேசும் ஊர். கார்களுக்கு உதிரி பாகங்கள் செய்யும் ஆலை. கிரஹாம் பர்மிங்ஹாமிலிருந்து தரக்கட்டுப்பாட்டுக்கு வந்தவர். நான் அதே வேலைக்குக் கோயம்புத்தூரிலிருந்து, அவருக்கு முன்பே வந்தவன். இருவரும் ஊரை விட்டு வந்தவர்கள்தான் என்றாலும் கம்பெனி மொழியில் அவர் ‘எக்ஸ்பாட்’, நான் ‘அவுட்ஸ்டேஷன் கேண்டிடேட்’. அவருக்குப் பக்கத்து நகரத்தில், பாணேர் பகுதியில் வீடு கொடுத்தார்கள். எனக்கு பாணேரில் வீடு தேடிக்கொள்ள ஒரு நாள் விடுப்பு கொடுத்தார்கள். அலுவலகத்தில் மட்டும் சமத்துவம்: ஒரே அறை, எதிரெதிர் மேசை.

வந்த புதிதில் அவர் பேசுவதில் பாதி எங்களுக்குப் புரியாது. புரிந்த மாதிரி தலையை ஆட்டிவைப்போம். புரிந்தது ஒரே சொல், தேங்க் யூ. அதுவும் புரியாமல் விட வழியில்லாத அளவுக்கு வாரி இறைத்தார். கேட்டைத் திறந்த காவலாளிக்கு ஒன்று, லிஃப்டில் நகர்ந்து நின்றவருக்கு ஒன்று, ‘வரமாட்டேன்’ என்று கையசைத்துவிட்டுப் போகும் ரிக்‌ஷாக்காரருக்கும் ஒன்று. கேண்டீனிலிருந்து தேநீர் கொண்டுவரும் விட்டலுக்கு டம்ளரை வைக்கும்போது ஒன்று, திரும்ப எடுக்கும்போது ஒன்று. ஒருநாள் விட்டல் பொறுமை இழந்தார்.

“ஸாஹேப், ரோஜ் ரோஜ் தேங்க்யூ கஷாலா? ஆபண் கர்சேச் நா?”

தினமும் எதற்கு நன்றி, நாமெல்லாம் ஒரே வீட்டு ஆட்கள்தானே என்கிறார், என்று நான் மொழிபெயர்த்தேன். கிரஹாம் நெகிழ்ந்துபோய் அதற்கும் ஒரு தேங்க் யூ சொன்னார். விட்டல் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

ஆனால் பாடம் இறங்கிவிட்டது. எங்களுக்குப் புரிய வேண்டுமே என்று முதலில் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். பிறகு பர்மிங்ஹாமில் விழுங்கிவந்த ‘ர்’களை எல்லாம் உச்சரிக்க ஆரம்பித்தார். அப்புறம் தடுப்பாரில்லை. மீட்டிங்குகளை ‘ப்ரீபோன்’ செய்தார். அறிக்கைகளை ‘டுடே ஒன்லி’ கேட்டார். ஃபோனை எடுத்தால் ‘ஹாங், போலோ’, அதாவது ‘ஆமாம், சொல்லுங்க’. ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு ‘நா’. லண்டனில் இருக்கும் மேலதிகாரி ஒருவர், கிரஹாமிடம் தொலைபேசியில் பேசிவிட்டு, ‘அந்த உள்ளூர்ப் பையன் தெளிவாகப் பேசுகிறான்’ என்று பாராட்டியதாகக் கேள்வி. புதிதாகச் சேர்ந்த சொற்களைக் கேட்டு ஆலையே சிரித்தது. காணாமல் போன ஒரு சொல்லைக் குறித்துவைத்தவன் நான் மட்டும்.

பொருள் அழிவதில்லை, இடம்தான் மாறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்த தேங்க் யூ எதிர் மேசைக்கு வந்து சேர்ந்திருந்தது. அடுத்த பொங்கலுக்குக் கோவை போனபோதுதான் எனக்கே தெரிந்தது. தங்கை சுமதி காப்பியை நீட்டினாள். என் வாய் தானாகத் திறந்து, “தேங்க்ஸ் சுமதி” என்றது.

“என்னங்ணா சொன்னீங்க?”

“தேங்க்ஸ்னு...”

“ஓட்டல்லயா உக்காந்திருக்கீங்க? அப்ப டிப்ஸும் வெச்சுட்டுப் போங்க.”

“விடு சுமதி, மச்சான் வெள்ளைக்காரனோட உக்காந்து உக்காந்து இப்படி ஆயிட்டாரு” என்றார் அவள் கணவர். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் இரண்டாவது காப்பியை அவள் கொண்டுவரவில்லை, மகளிடம் கொடுத்தனுப்பினாள்.

கிரஹாமின் கணக்கு எதிர்ப்பக்கம் தீர்ந்தது. அந்தப் பொங்கலுக்குச் சற்று முன், கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனார். அங்கே அவருடைய அம்மா படுத்த படுக்கை. வேலையை விட்டுவிட்டுப் பல ஆண்டுகளாக அவரைப் பார்த்துக்கொள்பவர் அக்கா ஹெலன். விடுமுறை முழுக்க அக்கா சமைத்தார், துவைத்தார், தம்பிக்குப் படுக்கை விரித்தார். தம்பி சாப்பிட்டார், உடுத்தினார், தூங்கினார். கடைசி நாள் இருவரையும் கட்டிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். வீட்டு ஆட்களுக்குள் எதற்கு என்ற விட்டலின் பாடத்தை இங்கிலாந்தில் பிழையில்லாமல் ஒப்பித்துவிட்டு வந்தார்.

ஹெலனிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது: ஹோட்டலில் தங்கியவன்கூட நன்றி சொல்லிவிட்டுத்தான் அறையைக் காலி செய்வான். அதன்பின் அவர் ஃபோனை எடுக்கவில்லை. அம்மாவுக்குத் தனியாக ஃபோன் கிடையாது. அக்கா எடுத்துக் காதில் வைத்தால்தான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் குரலைக் கேட்டுப் பழகிய மனிதர், வாரக்கணக்காக மணியோசையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சொல்லித் தொலைச்சிருக்கலாமே” என்றேன்.

“அரே, அவ என் அக்கா. அக்காவுக்குப் போய் தேங்க் யூ சொன்னா அவளுக்குக் கஷ்டமா இருக்காதா?” அவருடைய ஆங்கிலத்துக்கு இதுதான் கிட்டத்தட்ட வரும் தமிழ்.

“கோயம்புத்தூர் தங்கச்சிக்குக் கஷ்டமா இருக்கும். பர்மிங்ஹாம் அக்காவுக்கு இருக்காது.”

“தெரியும். தெரிஞ்சும் வாய்ல வரமாட்டேங்குதே.”

முதலில் விட்டலிடம் சொல்லிப் பழகச் சொன்னேன். மறுநாள் டம்ளரை வாங்கிக்கொண்டு, தேர்வு எழுதுபவர்போல “தேங்க் யூ, விட்டல்” என்றார். விட்டலின் முகம் வாடிவிட்டது. “காய் ஜாலா ஸாஹேப்? ராகாவ்லாத் கா?” என்ன ஆயிற்று, என் மேல் கோபமா என்று அவர் கேட்டதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை ஹெலன் ஃபோனை எடுத்துவிட்டார். கிரஹாம் எழுந்து, கண்ணாடிக் கதவுக்கு அப்பால், இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பை ஒட்டிய நடைபாதைக்குப் போனார். அங்கே இயந்திர இரைச்சல்; ஒன்றும் கேட்கவில்லை. உதடுகள் அசைந்தன. ஒரு கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு, அக்கா சொல்வதற்கெல்லாம் தலையை இடமும் வலமுமாக, நம் ஊர்க்காரர்போல மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தார். அது வெறும் குரல் அழைப்பு. அந்தத் தலையாட்டலை பர்மிங்ஹாமில் யாரும் பார்த்திருக்க முடியாது. பார்த்திருந்தாலும் ஆமாம் என்றா, இல்லை என்றா, அவர்களுக்கு என்ன தெரியும்?

உள்ளே வந்து உட்கார்ந்தபோது கண்கள் சிவந்திருந்தன. “அம்மா பேசினாங்களா?” என்றேன். “ஹாங்.” “அக்காகிட்ட சொன்னீங்களா?” மறுபடியும் அதே தலையாட்டல். அதற்குள் விட்டல் தேநீரோடு வந்தார். கிரஹாம் பேசாமல் வாங்கிக்கொண்டார். நான் தேங்க்ஸ் சொன்னேன்.

நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் ‘வியாழன், வெயில், ஹெலன் பேசினார்’ என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லைக் கிரஹாம் சொன்னாரா என்பதற்கு நேரே, ‘உறுதி செய்யப்படவில்லை’ என்று.